களிம்பு வைத்த வாழ்த்து அட்டை

காரைக்குடி,
20.1.2025

அன்புத் தங்கச்சி மஹாலட்சுமிக்கு,

ஓரகத்தி சிட்டாள் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் சுகம். அவருக்கு முழங்கால் வலி. அது வீட்டில் ஓர் ஆள் மாதிரி ஆகிவிட்டதால் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. கோயம்புத்தூரில் நீயும் கொழுந்தனும் சுகந்தானே? என் மகள் சுகமாக இருப்பது தெரியும். பொங்கலுக்கு வந்தபோது பார்த்தேனே, உன் கைச் சோறு தின்று இரண்டு சுற்றுப் பெருத்திருக்கிறாள். ஒன்றரை வருசம் உன் வீட்டிலிருந்து வேலைக்குப் போனதில் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாமல் பண்ணிவிட்டாய். நல்லா இரு.

"என்னடா இவ, கையில போன வச்சுக்கிட்டுக் கடுதாசி எழுதுறா" என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. லேகாதான் சொன்னாள்: "ம்மா, நீ பண்ற பழைய பித்தளை மாதிரி வாழ்த்து அட்டை சித்திக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. எப்படிச் செய்றதுன்னு கேக்குறாக. சொல்லிக் குடேன்." படம் எடுத்து அனுப்பிப் பார்த்தேன். போனில் பித்தளையும் மஞ்சள் தாளும் ஒன்றுபோலத் தெரிகிறது. கையில் வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். அதனால் மூன்று அட்டை கூரியரில் வருகிறது. ஒன்று பூட்டு, ஒன்று யானை, ஒன்று குத்துவிளக்கு. இங்கே பழைய சாமான் கடைக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் வெண்கல அண்டாவைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏற முடியாமல் என் அட்டையை வாங்கிக்கொண்டு போகிறார்கள். அட்டையோடு அட்டையாக இந்தக் கடிதமும் வரட்டும். போன் என்றால் நீ "ம்... ம்..." என்றே தப்பித்துக்கொள்வாய். கடிதத்துக்குப் பதில் எழுதித்தானே ஆக வேண்டும்?

செய்முறை கேள். உன் அத்தான் ஏசி குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளித்தாள் டேப்பைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். கெட்டி அட்டையில் சணல் நூலைப் பசையில் தோய்த்து, என்ன உருவம் வேண்டுமோ அப்படி வளைத்து ஒட்டு. காய்ந்ததும் மேலே டேப்பை ஒட்டி, தீக்குச்சி முனையால் நூலின் இரண்டு பக்கமும் அழுத்திக்கொண்டே வா. உருவம் புடைத்துக்கொண்டு நிற்கும். அதன் மேல் கறுப்பு பெயிண்டைத் தடவு. பாதி காயும்போது பழைய வேட்டித் துணியால் துடை. பள்ளத்தில் கறுப்பு தங்கும். பிறகு பித்தளை நிறப் பெயிண்டை விரல் நுனியில் தொட்டு மேட்டில் மட்டும் தேய். நூறு வருசச் சாமான் தயார். அவ்வளவுதான். பழைய பித்தளையில் பூத்துக் கிடக்குமே, அந்தக் களிம்புப் பச்சை வைக்கிற வேலையை மட்டும் சொல்ல மாட்டேன். அது என் கையோடு இருக்கட்டும்.

லேகா மதுரை ஆபீசுக்கு மாற்றல் கேட்டிருப்பது உனக்குத் தெரியும். கிடைத்தால் வாராவாரம் வீட்டுக்கு வந்துவிடுவாள். நான் இப்போதே மாடி அறைக்கு வெள்ளையடித்து வைத்துவிட்டேன். உன் காதில் ஏதாவது விழுந்தால் உடனே எழுது. இப்போதெல்லாம் அவள் எதையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தானே என்னிடம் சொல்கிறாள்.

கொழுந்தனுக்கு என் விசாரிப்பைச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
சிட்டாள்


கோயம்புத்தூர்,
18.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மஹாலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். அத்தானின் முழங்காலுக்கு எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் ராத்திரி கண் விழித்து வேலை பார்ப்பதாக லேகா சொன்னாள். அதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அட்டைகள் பத்திரமாக வந்தன. பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு உங்கள் கொழுந்தன் "சாவி எங்க?" என்று கேட்டார். மூன்றையும் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

நீங்கள் எழுதியபடியே செய்து பார்த்தேன். ஐந்து அட்டை. ஒன்றும் சரியாக வரவில்லை அக்கா. கறுப்பு ஒட்டவே மாட்டேன் என்கிறது. துடைக்கத் துணியை வைத்தால் பள்ளத்தில் இருப்பதும் சேர்ந்து, வெயிலில் தோல் உரிவதுபோல் உரிந்து வருகிறது. பெயிண்டை மாற்றிப் பார்த்தேன், இரண்டு நாள் காயவிட்டும் பார்த்தேன். லேகா மட்டும் "இதுவும் ஒரு மாதிரி நல்லாத்தான் இருக்கு சித்தி" என்று ஒன்றை எடுத்துக்கொண்டு போய் ஆபீஸ் மேசையில் வைத்துக்கொண்டாள். என் மனசுக்காகச் சொல்கிறாள் என்று தெரியும். எங்கே தவறு செய்கிறேன் என்று எழுதுங்கள்.

இங்கே பனி குறைந்துவிட்டது. காய்கறி விலை இறங்கியிருக்கிறது. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
மஹாலட்சுமி


காரைக்குடி,
27.2.2025

அன்புத் தங்கச்சிக்கு,

சிட்டாள் எழுதுவது. இங்கே சுகம், அங்கே சுகத்துக்குக் குறைவிருக்காது. உரிந்து வருகிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன். கோபித்துக்கொள்ளாதே. நான் என்ன செய்ய, சிலர் கைக்குச் சோறு வாய்க்கும், சிலர் கைக்கு அட்டை வாய்க்கும். உனக்கு எல்லாமே வாய்க்க வேண்டுமா? பொறுமையாகச் செய், வரும்.

ஆனால் ஒன்று. அந்த உரிந்த அட்டையைத்தான் என் மகள் படம் எடுத்து, "என் சித்தியின் கைவண்ணம்" என்று போட்டு, ஊரெல்லாம் பார்க்கும்படி போனில் வைத்திருந்தாள். நான் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரி கொண்டுவந்து காட்டினாள்.

"ஏக்கா, ஒம் மக ஒன் அட்டைய ஒருநாளும் இப்படிப் போட்டதில்லையே?"

"எங்கிட்ட கடையே வாங்கிக்கிட்டுப் போகுது. விக்காததத்தானே இலவசமாக் காட்டணும்?" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் போன பிறகு என் போனை முதலிலிருந்து கடைசி வரை தேடிப் பார்த்தேன். பாண்டீஸ்வரி சொன்னது சரிதான். ஒருநாளும் போட்டதில்லை.

இன்னொரு கூத்து. ஞாயிற்றுக்கிழமை லேகா போன் போட்டாள்.

"சித்தி கடுதாசி வந்துச்சாம்மா?"

"வந்துச்சு. வராம என்ன?"

"முழுசாப் படிச்சியா?"

"எழுத்துக்கூட்டி ரெண்டு தடவ படிச்சேன்டி."

"ஒண்ணுமே சொல்லலையே நீயி?"

"சொல்றதுக்கு அதுல என்னடி இருக்கு? எல்லாம் அவ உரிஞ்ச கததான்."

பிறகு "சரிம்மா, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள். உன் பெயிண்ட் உரிந்ததற்கு நான் துக்கம் விசாரிக்கவில்லை என்று கோபம்போல. சித்திமேல் அவ்வளவு பாசம்! எனக்குக் காய்ச்சல் வந்தபோது "மாத்திரை போட்டியா" என்று ஒரு வார்த்தைதான் கேட்டாள்.

மதுரை விசயம் என்ன ஆச்சு? போன கடிதத்திலேயே கேட்டிருந்தேன். நீ காய்கறி விலை எழுதியிருந்தாய்.

கொழுந்தனை விசாரித்ததாகச் சொல்.

சிட்டாள்


கோயம்புத்தூர்,
12.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். உங்களுக்குக் காய்ச்சல் வந்ததே எனக்குத் தெரியாது. இப்போது எப்படி இருக்கிறது? அத்தான் நலமா?

உங்களுக்கு ஒரு நல்ல சேதி. கறுப்பு இப்போது ஒட்டுகிறது. போன வாரம் நான் பெயிண்டைக் கையில் எடுத்தபோது லேகா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "உப்புத்தாள் போட்டீகளா சித்தி?" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "டேப்ப ஒட்டுனதும் அம்மா உப்புத்தாள வச்சு லேசா ஒரு இழுப்பு இழுக்கும். வழவழப்புப் போனாத்தான பெயிண்டு புடிக்கும்? அம்மா அத உங்ககிட்டச் சொல்லலையா?" என்று கேட்டாள்.

"சொல்லியிருப்பாக, நாந்தான் மறந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டேன்.

எழுந்து போய் அவளாகவே உப்புத்தாள் வாங்கி வந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே நாளில் பன்னிரண்டு அட்டை முடித்தோம். அவள் ஆபீசுக்குக் கொண்டுபோனதில் ஒன்றுகூட மிச்சமில்லை, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்களாம். துருப் பிடித்த இரும்பு மாதிரி ஒன்று செய்யலாம் என்று, பசைமேல் பட்டைப்பொடி தூவிப் பார்க்கச் சொன்னதும் அவள்தான். நன்றாக வந்தது. வீடு இரண்டு நாள் பிரியாணி மணம்.

உங்களுக்கு எவ்வளவோ வேலை. ஒரு வரி விட்டுப்போவது சகஜம்தான் அக்கா.

வேறு விசேஷம் இல்லை. அத்தானுக்கு என் வணக்கம்.

மஹாலட்சுமி


காரைக்குடி,
20.3.2025

அன்புத் தங்கச்சிக்கு,

சிட்டாள். எல்லோரும் சுகம். காய்ச்சல் போன மாதமே போய்விட்டது, இப்போது விசாரிக்கிறாய்.

உப்புத்தாள் ஒரு பெரிய விசயமா? தினமும் செய்கிற கை, அது பாட்டுக்குச் செய்துவிடும். சாப்பிடுவது எப்படி என்று எழுதச் சொன்னால் வாயைத் திறக்க வேண்டும் என்றா எழுதுவாய்? நல்ல வேளை, வீட்டிலேயே வாத்தியார் வைத்திருக்கிறாய். என்னிடம் இருபது வருசம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிள்ளை, ஒருநாள்கூட "நான் ஒண்ணு செய்றேம்மா" என்று கேட்டதில்லை. உன்னிடம் ஒரே நாளில் பன்னிரண்டு. பட்டைப்பொடி யோசனை வேறு. கேட்டுக்கொள்கிறேன், அவள் வந்தபிறகு எனக்கும் அந்த யோசனையைச் சொல்வாளா என்று.

போனில் இப்போதெல்லாம் சுரத்தில்லாமல் பேசுகிறாள். முந்தாநாள், "நான் அங்குட்டு வந்தா ஒனக்குச் சந்தோசமாம்மா?" என்று கேட்டாள். நான் விளையாட்டுக்கு, "நீ வந்தா அரிசி கூடச் செலவாகும்டி" என்றேன். எப்போதும் சிரிக்கிறவள் சிரிக்கவில்லை. உப்புத்தாளை நினைத்துக்கொண்டிருக்கிறாளோ என்னவோ. நீ நினைக்கவைத்திருப்பாய்.

ஏப்ரல் இரண்டு அவள் பிறந்தநாள். அதற்கு ஓர் அட்டை அனுப்புகிறேன். இதுவரை நான் செய்ததிலேயே இதுதான் ஒசத்தி. பெரிய வீட்டுக் கதவு, அதில் இரண்டு பித்தளை வளையம், ஆணிக்கு ஆணி களிம்புப் பச்சை. சுண்ணாம்பில் நீலமும் பச்சையும் கலந்து, ஊசி முனையால் தொட்டுத் தொட்டு வைத்தது. எட்டு நாள் ஆச்சு. உன் அத்தானே ஏமாந்து போய், "யார் வீட்டுக் கதவுல இருந்து பேத்துக்கிட்டு வந்த?" என்று கேட்டார். இதைப் பார்த்த பிறகு அவள் மேசையில் எந்த அட்டை இருக்கும் என்று பார்ப்போம்.

பெட்டியை நீ பிரிக்காதே. அவள் கையால் பிரிக்கட்டும்.

சிட்டாள்


கோயம்புத்தூர்,
3.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உங்கள் அட்டை வீணாகிவிட்டது.

கூரியர் வந்தபோது நான் கடைக்குப் போயிருந்தேன். உங்கள் கொழுந்தன் பிரித்துப் பார்த்திருக்கிறார். களிம்பு ஏறியிருக்கிறதே, பிறந்தநாள் பரிசு இப்படியா கொடுப்பது என்று, புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துவிட்டார். நான் வந்து பார்க்கும்போது அட்டை ஊறிப்போய், கதவு தனியாக, வளையம் தனியாகக் கிடந்தது. லேகா அதை வெயிலில் காயவைத்துப் பார்த்தாள். சரியாகவில்லை.

என்மேல் கோபப்படாதீர்கள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மஹாலட்சுமி


காரைக்குடி,
10.4.2025

மஹாலட்சுமிக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கு அனைவரும் நலமென நினைக்கிறேன்.

கொழுந்தனை எனக்கு உனக்கு முன்னாலிருந்தே தெரியும். தின்ற தட்டை நகர்த்தி வைக்காத மனுசன், புளி கரைத்துப் பித்தளை விளக்கினார் என்று எழுதியிருக்கிறாய். நான் ஐந்தாவதோடு நின்றவள்தான். அதற்காக எதையும் நம்பிவிடுவேனா?

உப்புத்தாளுக்குப் புளி. கணக்குச் சரியாகிவிட்டது. இனி அட்டையும் வராது, கடிதமும் வராது.

சிட்டாள்


கோயம்புத்தூர்,
21.4.2025

மரியாதைக்குரிய மதினி அவர்களுக்கு,

கொழுந்தன் அருள்பாண்டி எழுதிக்கொண்டது. நான் நலம். அண்ணன் முழங்கால் தேவலையா? லீவு லெட்டர் தவிர நான் வேறு லெட்டர் எழுதியதில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

தேய்த்தது நான்தான். சாமி சத்தியம். மகா உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, அதனால் எழுதுகிறேன். அலமாரியில் இருக்கிற பூட்டும் யானையும் கறுத்துத்தான் இருக்கிறது, அதை நான் தொடவில்லை. பித்தளை கறுத்தால் அது வயசு. பச்சை பிடித்தால் அது அழுக்கு. பிள்ளைக்குப் பிறந்தநாள், மங்களமாக இருக்க வேண்டாமா? நீங்கள் ஏதோ பழைய தகட்டை அவசரத்தில் அப்படியே ஒட்டி அனுப்பிவிட்டீர்கள் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் பொங்கலுக்குப் பித்தளை விளக்குவது ஆம்பளைப் பிள்ளைகள் வேலை. அண்ணனைக் கேட்டுப் பாருங்கள், வெண்கலப் பானையைப் பளபளவென்று ஆக்குவதில் அவருக்கும் எனக்கும் போட்டியே நடக்கும். தட்டை நகர்த்த மாட்டேன் என்பது வாஸ்தவம். பித்தளை என்றால் கை சும்மா இருக்காது. தேய்க்கத் தேய்க்க அட்டை நாராக வந்தபோதுதான் கையை எடுத்தேன். அது தகடு இல்லை என்று அதுவரை தெரியவில்லை. அவ்வளவு தத்ரூபம், மதினி.

பொம்பளைகள் சண்டையில் நான் தலையிடவில்லை. ஆனால் லேகா மதுரைக்குக் கிளம்புகிற நேரத்தில் இது வேண்டாம். மாசி முதல் வாரம் ஆர்டர் வந்ததுமே, "அம்மாகிட்ட நான் போன்ல சொல்லல, அது கத்தித் தெருவையே கூட்டிரும். நீங்க கடுதாசியில எழுதுங்க சித்தி, படிச்சுட்டு அம்மாவே எனக்குப் போன் போடட்டும்" என்று மகாவிடம் சொல்லிவிட்டுக் காத்துக்கொண்டிருந்தாள். மகாவும் அப்போதே உங்களுக்கு எழுதிவிட்டேன் என்று சொன்னது. நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று பிள்ளைக்குக் குறை. "அம்மாவுக்கு நான் வர்றது இஷ்டமில்ல போல சித்தப்பா" என்று என்னிடமே சொன்னாள். உப்புத்தாளும் புளியும் உங்களுக்குள் இருக்கட்டும். பிள்ளையிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். ஜூன் முதல் வாரம் அவள் மதுரையில் சேர வேண்டும்.

அண்ணனுக்கு வணக்கம்.

தங்கள் கொழுந்தன்,
அருள்பாண்டி


காரைக்குடி,
27.4.2025

மகாவுக்கு,

சிட்டாள் எழுதுவது. இங்கே சுகம். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

கொழுந்தன் கடிதம் வந்தது. முதலில் புளிக் கதையைப் படித்துச் சிரித்தேன். உன் அத்தானிடம் கேட்டேன், "ஆமா, அவன் தேய்ச்சா பான ஓட்ட விழுகுற வரைக்கும் விடமாட்டான்" என்றார். சரி, அந்தப் பழியை உன்மேலிருந்து எடுத்துவிட்டேன்.

பிறகு இரண்டாவது பக்கத்தைப் படித்தேன். மறுபடியும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். உன் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பனி இருக்கிறது, காய்கறி இருக்கிறது, பிரியாணி மணம் இருக்கிறது. மதுரை எங்கேயும் இல்லை.

இரண்டு மாதம், மகா. என் பிள்ளை, நான் அவளை வேண்டாமென்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இரண்டு மாதம் சோறு தின்றிருக்கிறாள். "அரிசி கூடச் செலவாகும்டி" என்று நான் சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். நீ பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு அன்றைக்கே பஸ் ஏறி வந்து உன் வாசலில் நின்று கத்தவேண்டும்போல இருந்தது. புடவைகூட மாற்றிவிட்டேன். உன் அத்தான்தான், "போயி என்ன கேப்ப? ஏன் எம் மகமேல பாசமா இருக்கன்னா?" என்று கேட்டார். புடவையை மடித்து வைத்துவிட்டேன்.

அப்புறம் லேகாவுக்குப் போன் போட்டேன். நீ எழுதவில்லை என்று சொல்லவில்லை. பயப்படாதே.

"அடியே, சித்தி கடுதாசியில பின்பக்கமும் எழுதியிருந்துருக்காடி. நான் திருப்பிப் பாக்காமலே டப்பாவுல வச்சுட்டேன். இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"என்னம்மா சொல்ற? ரெண்டு மாசமாவா!"

"அஞ்சாப்புப் படிச்சவ கிட்ட அஞ்சு பக்கம் எழுதுனா?"

"படிச்ச லட்சணத்தப் பாரு! நான் இங்க என்னெல்லாமோ நெனச்சுக்கிட்டு..." என்று திட்ட ஆரம்பித்தாள். நல்லாத் திட்டினாள். கேட்கக் கேட்க எனக்கு அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது. பிறகு அழுதாள். பிறகு, மாடி அறைக்கு ஜன்னல் திரை என்ன நிறம் என்று கேட்டாள்.

ஆகவே, இந்தக் கதையில் நீ எழுதியிருக்கிறாய், நான் படிக்கவில்லை. அப்படியே வைத்துக்கொள். கொழுந்தனிடமும் அதையே சொல்லிவை, அவர் வாய் சும்மா இருக்காது. அவள் முகத்தில் உன்னைப்பற்றி ஒரு கோணல் விழுந்தால் அதைப் பார்க்க எனக்கு ஆசைதான். ரொம்ப ஆசை. ஆனால் உன் வீட்டில் இன்னும் ஒரு மாதம் அவள் சாப்பிட வேண்டுமே.

அவளைக் கூட்டிக்கொண்டு நீயும் வா.

சிட்டாள்


கோயம்புத்தூர்,
9.5.2025

அக்கா,

நலம். சாப்பிடுகிறேன்.

நீங்கள் பஸ் ஏறி வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மதுரை ஆர்டரை எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். "லேகாவுக்கு மாற்றல் கிடைத்துவிட்டது" என்று எழுதியதும், நீங்கள் அதைப் படித்து எப்படிச் சிரிப்பீர்கள் என்பதும், பதிலில் என்னை எப்படிக் கேலி செய்வீர்கள் என்பதும் கண் முன்னால் வந்துவிடும். அந்தப் பதிலைப் படிக்க என்னிடம் தெம்பு இல்லை. அடுத்த கடிதத்தில் எழுதலாம், அடுத்ததில் எழுதலாம் என்றே போய்விட்டது. பிள்ளை வாடுவதைப் பார்த்தபோதுகூட, நிஜத்தைச் சொல்கிறேன் அக்கா, கொஞ்சம் இருக்கட்டும் என்றுதான் இருந்தேன். ஒருவேளை போகவில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுவாளோ என்று ஒரு நப்பாசை.

ஆபீஸ் விட்டு வந்து அவள் செருப்பைக் கழற்றிப் போடுகிற சத்தம் கேட்டால்தான் நான் காப்பிக்குப் பால் வைப்பேன். இவருக்கும் அப்போதுதான். ஜூனிலிருந்து எத்தனை மணிக்குப் பால் வைப்பது என்று இவர் நேற்றுக் கேட்டார்.

முப்பத்தொன்றாம் தேதி கிளம்புகிறாள். நான் வரவில்லை. அவளை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பி பஸ் ஏறுவதை உங்கள் முன்னால் என்னால் செய்ய முடியாது. இவர் அவளைக் கொண்டுவந்து விடுவார். அத்தானுக்கு எண்ணெய் கொடுத்தனுப்புகிறேன்.

அவளிடம் எனக்காகப் பொய் சொன்னதற்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அதனால் எழுதவில்லை.

மஹாலட்சுமி


காரைக்குடி,
7.6.2025, சனிக்கிழமை

அன்புத் தங்கச்சி மகாவுக்கு,

உன் ஓரகத்தி எழுதுவது. எல்லோரும் சுகம். எண்ணெய் வந்தது, உன் அத்தான் முழங்காலில் போட்டுக்கொண்டு தரையில் வழுக்கி, இப்போது இடுப்பும் வலிக்கிறது என்கிறார். நீயும் கொழுந்தனும் எப்படி இருக்கிறீர்கள்? கொழுந்தன் வந்தபோது என் பூஜைச் சாமானையெல்லாம் ஒளித்து வைத்துவிட்டேன் என்று சொன்னாரா? இருந்தும் போகும்போது தாம்பாளத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார்.

லேகா ஐந்து நாள் மதுரையில் விடுதியில் இருந்துவிட்டு, இன்றைக்கு மத்தியானம் முதல் தடவையாக வாரக் கடைசிக்கு வீட்டுக்கு வந்தாள். காலையிலிருந்து நான் இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டுக்குப் போய்வந்தேன். பாண்டீஸ்வரி கேட்டதற்கு, தக்காளி வாங்கப் போனேன் என்றேன். வந்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள். சாயங்காலம் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் ஒரு சாவி அட்டைக்கு நூல் ஒட்டிக்கொண்டிருந்தேன். இன்றைக்காவது "நான் செய்றேம்மா" என்று கேட்பாள் என்று மெதுவாக ஒட்டினேன். அப்போது அவள் போன் அடித்தது. நீ.

"ஒரே நிமிசம்மா" என்று மாடிக்குப் போனாள். நான் பசையைக் காயவைத்துவிட்டேன், ஓர் உலை அரிசி வடித்துவிட்டேன், இப்போது இந்தக் கடிதத்தையும் எழுத ஆரம்பித்துவிட்டேன். அந்த ஒரு நிமிசம் இன்னும் முடியவில்லை. மாடிப்படிக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறேன். ஒட்டுக் கேட்பதற்காக இல்லை, இங்கேதான் காற்று வருகிறது.

"ஆமா சித்தி... அய்யோ, அதையா கேக்குறீக?... அம்மாவா? அது கெடக்கு சித்தி..." என்கிறாள். அப்புறம் சிரிக்கிறாள். என்ன சிரிப்பு! மூச்சு வாங்கி, மறுபடியும் சிரிப்பு. இங்கே வரமாட்டேன் என்று உன் கதவை நீ பூட்டிக்கொண்டாலும் அவள் திறந்து வைத்துக்கொண்டுதான் இருப்பாள்போல.

நீ இதைப் படிக்கிறபோது நாலு நாள் ஆகியிருக்கும். அதனால் போனை வை என்று எழுதிப் பிரயோசனமில்லை. எழுந்து போய் வாங்கி வைத்திருக்கலாம். இரண்டு படி ஏறவும் செய்தேன். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் இறங்கிவிட்டேன். மாசியிலிருந்து எனக்குக் கிடைக்காத சிரிப்பு. உன்னோடு பேசினால்தான் வரும் என்றால் வந்துவிட்டுப் போகட்டும், என் வீட்டு மாடியில்தானே வருகிறது.

ஆனால், "அம்மாவா? அது கெடக்கு" என்று ஆரம்பித்து எதற்காக அப்படிச் சிரித்தாள்? அவளைக் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்பாள். உனக்குத் தெரியும். பதிலில் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். பால் ஆறு மணிக்கு வை.

அன்புடன்,
அக்கா சிட்டாள்